அஞ்சு அலுமினியம், ஒரே கறுப்பு

டிராயிங்கின் அடியில், வலது மூலையில், ஒரு வரி இருக்கும்: ‘ஃபினிஷ்: கறுப்பு அனோடைஸ், எல்லா பாகங்களுக்கும்.’ எழுத மூன்று விநாடி ஆகும். அந்த வரியோடு ஒரு பெட்டி நிறையப் பாகங்கள் அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ உள்ள ஒரு ஜாப் வொர்க் கடைக்குப் போகும். திரும்பி வந்ததும் மேஜையில் பரப்பிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று சேராது. எக்ஸ்ட்ரூஷனில் (அச்சு வழியே பிதுக்கி) வந்த மூடி நல்ல கறுப்பு. வளைத்த ஷீட்டும் கறுப்புதான், ஆனால் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வேறு கறுப்பு. கடைசல் பாகத்தில் லேசாகச் செம்பழுப்பு ஓடும். உருக்கி அச்சில் வார்த்த டை காஸ்டிங் பாடியோ அடுப்புச் சாம்பல். விரலால் தேய்த்தால் விரலில் கரி. கோபம் கடைக்காரர் மேல் பாயும். பெரும்பாலும் தப்பு அவரிடம் இல்லை, அந்த மூன்று விநாடி வரியில் இருக்கிறது.

‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்று சொல்வோமே, அது அனோடைசிங் தொட்டிக்குப் பொருந்தாது. ஒரே அமிலத்தில், ஒரே ஜிக்கில் (பாகங்களைத் தொங்கவிடும் சட்டம்), ஒரே நேரம் ஊறினாலும் ஒவ்வொரு கலவையும் தன் நிறத்தோடுதான் வெளியே வரும். அனோடைசிங் வெளியிலிருந்து கொண்டுவந்து பூசுகிற பூச்சு இல்லை. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாயும்போது பாகத்தின் மேல்தோல் அலுமினியமே ஆக்சைடாக மாறுகிறது. சாதாரண சல்ஃப்யூரிக் அமில அனோடைசிங்கில் 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) படலம் வளர்ந்தால், ஏறத்தாழ 10 மைக்ரான் உலோகத்தைத் தின்று உள்ளே இறங்கியது, 5 மைக்ரான் வெளியே ஏறியது. அலுமினியத்தோடு கலந்திருப்பது எதுவோ அது படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் கரைந்து ஓட்டை விட்டுப் போகும். சிலிக்கான் கரையவே கரையாது. கருஞ்சாம்பல் துகளாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். செம்பு இருந்தால் அது படலத்தின் வளர்ச்சியையே கெடுக்கும். அதனால் கலவையை மறைக்கச் சொல்லி அனோடைசிங்கிடம் கேட்பது, உடம்பு நிறத்தை மறைக்க மருதாணி வைப்பது போல.

பேச்சுக்கு ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கம்பத்தில் மாட்டும் ஒரு கண்ட்ரோல் பெட்டி. பாடி ஏ.டி.சி.12 பிரஷர் டை காஸ்டிங். வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளான ஃபின்களோடு கூடிய மூடி 6063 எக்ஸ்ட்ரூஷன். கம்பத்தைப் பிடிக்கும் பிராக்கெட் 2 மி.மீ. 5052 ஷீட். கீல் எச்.இ.30 ராடில் கடைந்தது. கீலுக்குள் ஓடும் பின் 7075-டி6. இந்த எண்களும் எழுத்துகளும் கலவைகளின் பெயர்கள்: அஞ்சு பாகம், அஞ்சு கலவை. எல்லாம் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும், கடல் காற்றில் பல வருஷம் நிற்க வேண்டும், எர்த் போல்ட் மின்சாரம் கடத்த வேண்டும், எம்5 ஸ்க்ரூ எல்லாம் கையால் ஏற வேண்டும்.

இதில் 6063தான் நல்ல பிள்ளை. மெக்னீசியமும் சிலிக்கானும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. 5052இல் மெக்னீசியம் 2.2 முதல் 2.8 சதவீதம், படலம் நன்றாக வளரும், நிறம் கொஞ்சம் மாறும். எச்.இ.30 என்பது 6082, 6351 வகை. அதிலுள்ள மாங்கனீஸ் படலத்தைச் சாம்பலாக்கும். 7075இல் துத்தநாகம் 5.1 முதல் 6.1, செம்பு 1.2 முதல் 2.0. ஏ.டி.சி.12இல் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம், செம்பு 1.5 முதல் 3.5 சதவீதம். இந்தக் கடைசி ஆளை அனோடைஸ் தொட்டிக்குள் அனுப்புவதே வீண் வேலை. படலம் மெல்லிசாக, திட்டுத் திட்டாக, கரியோடு வரும். வார்ப்பில் உலோகம் ஓடிய தடமெல்லாம் வரைபடம் போலத் தெரியும்.

ஒரு சொட்டு காஸ்டிக்

பூச்சு எது என்று யோசிக்கும் முன்னால் கையில் இருக்கும் உலோகம் எது என்று தெரிய வேண்டும். சர்டிஃபிகேட் இல்லாமல் கடையில் ‘எச்.இ.30 ராட்’ என்று வாங்கியது எச்.இ.15 ஆக இருக்கலாம். அதில் செம்பு 4 சதவீதத்துக்கு மேல் போகும், பூச்சுக்கு அது முற்றிலும் வேறு ஜாதி. எக்ஸ் கதிரால் கலவையைக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கி இருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது.

பாகத்தின் மறைவான இடத்தை எமரி தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்துவிட்டு, 20 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு சொட்டு வையுங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சொட்டு நுரைக்கும். சில நிமிஷம் விட்டு நீரில் கழுவிப் பாருங்கள். 6063, 5052 இரண்டிலும் வெளிறிய தடம்தான் இருக்கும். எச்.இ.15, 7075 இரண்டிலும் கறுப்பாக ஒரு வட்டம் விழும். ஏ.டி.சி.12லும் கருஞ்சாம்பல் வட்டம்தான். இப்போது அந்த வட்டத்தின் மேல் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம், பாதிக்குப் பாதி நீர் கலந்தது. செம்பால் வந்த கறுப்பு கண்ணெதிரே கரைந்து வெள்ளையாகும். சிலிக்கானால் வந்த கறுப்பு அசையாது.

கலப்பு லாட்டின் தலைவிதி முழுக்க இந்த இரண்டு சொட்டில் இருக்கிறது. பட்டறையில் பாகங்களைக் காஸ்டிக்கில் எட்ச் செய்து (மேல்தோலை அரித்து), நைட்ரிக்கில் டீஸ்மட் செய்து (கரியை நீக்கி), அடுத்த தொட்டிக்கு அனுப்புவார்கள். 6063க்கு அது போதும், 7075க்கும் போதும். ஆனால் ஏ.டி.சி.12 அதே தொட்டிகளில் இறங்கினால் காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று சிலிக்கானை நிர்வாணமாக்கும், நைட்ரிக் அந்தக் கரியைத் தொடாது, அதன் மேல் எந்தப் பூச்சு ஏறினாலும் கரியின் மேல் நிற்கும் பூச்சுதான். ஆறு மாதத்தில் தோல் போல உரிந்து வரும் டை காஸ்டிங் பாடிகளின் கதை பெரும்பாலும் இதுதான். பெயிண்டை மாற்றிப் பார்ப்பார்கள், ஓவனைக் குறை சொல்வார்கள். கரி மட்டும் அப்படியே இருக்கும்.

சிலிக்கானைக் கரைக்க ஃபுளோரைடு வேண்டும். நைட்ரிக்கோடு அம்மோனியம் பைஃபுளோரைடு சேர்த்த டீஸ்மட்தான் வார்ப்புகளுக்கு உரியது. அமிலத்தோடு சேர்ந்ததும் அது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது. தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்து எலும்பு வரை வலிக்கும். 2.5 சதவீத கால்சியம் குளுகோனேட் ஜெல் தொட்டியருகே இல்லாத கடைக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். டீஸ்மட் ஆனதும் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒரு தேய்ப்பு. துணி கறுத்தால் திரும்ப உள்ளே.

அனோடைஸ் எப்போது சரி

வார்ப்பு இல்லாத செட் என்றால், அனோடைசிங்கை விட நல்லது இல்லை. கீறல் தாங்கும், உரியாது, அளவு அதிகம் மாறாது. ஆனால் கலவைக்கு ஒரு ஜிக் என்று பிரித்தே ஓட்ட வேண்டும். தொட்டியின் ஒரே தொங்கு கம்பியில் 6063யும் 7075யும் தொங்கினால், ஒரே வோல்டேஜில் ஆளுக்கொரு கரண்டை இழுக்கும். மீட்டரில் தெரிவது மொத்தம்தான், யாருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. ஒன்றில் 18 மைக்ரான், இன்னொன்றில் 9 என்று வரும். கறுப்புச் சாயம் நன்றாகப் பிடிக்க 15 மைக்ரானாவது வேண்டும். கரண்ட் டெசிமீட்டர் சதுரத்துக்கு 1.5 ஆம்பியர் என்றால் 30 நிமிஷத்தில் சுமார் 15 மைக்ரான் வரும். பரப்பைக் கணக்குப் போடாமல் ‘வழக்கமா முப்பது நிமிஷம்’ என்கிற கடையில் எதுவும் வரும். இந்தியத் தரம் ஐ.எஸ். 1868, வெளியில் நிற்கும் பாகத்துக்கு ஏ.சி.25 (25 மைக்ரான்) கேளுங்கள், 15ஓடு நிறுத்த வேண்டாம்.

சென்னையில் இரண்டு தொல்லை கூடுதல். தொட்டி 18 முதல் 22 டிகிரியில் நிற்க வேண்டும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி. கரண்ட் பாயும்போது தொட்டியே சூடாகும். சில்லர் திணறினால் படலம் வளர்வதோடு கூடவே கரையும், மேலே சுண்ணாம்பு மாதிரி மாவு படியும். இன்னொன்று தண்ணீர். கடலோரப் போர்வெல் தண்ணீரில் தொட்டியை நிரப்பினால் குளோரைடு ஏறிவிடும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் தாண்டினாலே கவலைப்பட வேண்டும், 200ஐ நெருங்கினால் பாகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். ஆர்.ஓ. அல்லது டி.எம். (தாது நீக்கிய) தண்ணீர்தான் வழி, லாரித் தண்ணீரை நம்புவதற்கில்லை. சாயம் ஏறிய படலத்தின் நுண்துளைகளை மூடும் சீலிங் தொட்டிக்கு அது இன்னும் முக்கியம். 96 டிகிரிக்கு மேல், மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிஷம், பி.எச். 5.5 முதல் 6.5. தண்ணீரில் சிலிக்கேட்டோ பாஸ்பேட்டோ சில மில்லிகிராம் இருந்தாலே துளைகள் மூடாது. சீல் ஆகாத கறுப்பு வெயிலில் ஊதாவாகும். மொட்டை மாடியில் ஒரு கோடையைக் கடந்த ஏதாவது மலிவான கறுப்பு பிராக்கெட்டைப் பாருங்கள், தெரியும்.

வெல்டிங் உள்ள பாகத்தில் ஃபில்லர் கம்பி 4043 என்றால் அந்தத் தையல் அனோடைஸில் கருஞ்சாம்பல் கோடாகத் தெரியும், சிலிக்கான் 5 சதவீதம் அதில். 5356 போடச் சொல்லுங்கள். பித்தளை, ஸ்டீல் இன்செர்ட் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அமிலம் அவற்றைத் தின்னும், கூடவே பக்கத்துப் பாகத்தையும் கெடுக்கும். ரிவெட் அடித்து மடித்த மூட்டுகளில் அமிலம் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் வெள்ளையாகக் கசியும். அசெம்பிளி செய்து அனுப்பவே கூடாது.

நம் பெட்டியின் 7075 பின்னுக்கு அனோடைஸ்தான், தனியாக, கடினமான தடித்த படலம் தரும் ஹார்டு அனோடைஸ், 30 மைக்ரான். கீலுக்குள் மறைந்திருப்பது, நிறம் யார் பார்க்கப் போகிறார்கள்? அதை மற்றவற்றோடு சேர்த்துப் பவுடர் பூச்சை (தெளித்த பொடியை) உருக்கும் ஓவனுக்குள் தள்ளக் கூடாத காரணம் வேறு. 7075-டி6ஐப் பதப்படுத்துவதே 120 டிகிரியில் 24 மணி நேரம். 200 டிகிரி ஓவனில் இருபது நிமிஷம் கிடந்தால் அந்தப் பதம் போய்விடும். வெளியே அழகான பின், உள்ளே வலு குறைந்த பின். 6063, எச்.இ.30 இரண்டும் அந்த நேரத்தைப் பெரிய சேதமில்லாமல் தாங்கும்.

மின்சாரம் இல்லாமல் ரசாயனக் கரைசலில் படியும் எலெக்ட்ரோலெஸ் நிக்கல் எல்லாக் கலவையிலும் ஒரே மாதிரி ஏறும், உள் துளையிலும் ஒரே கனம், தோற்றமும் ஒன்று. ஆனால் கடலோரத்தில் அது இரண்டு முனைக் கத்தி. நிக்கலில் ஒரு ஊசித்துளை இருந்தால் அரிப்பு முழுவதும் அந்தத் துளைக்கடியில் உள்ள அலுமினியத்தின் மேல் இறங்கும். 25 மைக்ரானுக்குக் குறையாமல், டபுள் ஜிங்கேட்டோடு (அடியில் துத்தநாகத்தை இரண்டு தடவை ஏற்றுவது), ஹை பாஸ்பரஸ் (பாஸ்பரஸ் அதிகமுள்ள நிக்கல்) போட முடிந்தால் மட்டும். மின்சாரத்தால் படியவைக்கும் பெயிண்டான ஈ.டி. கோட் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகக்காரர்களிடம் கிடைக்கும், மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும். எபாக்சி என்பதால் வெயிலில் சுண்ணாம்பாகும், மேலே இன்னொரு கோட் வேண்டும்.

கன்வர்ஷன் கோட், மேலே பவுடர்

ஏ.டி.சி.12 ஒரு துண்டு செட்டில் இருந்தாலும் தீர்ப்பு இதுதான்: அடியில் மூவிணைக் குரோமியம் (டிரைவேலன்ட்) அல்லது ஜிர்கோனியம் கன்வர்ஷன் கோட், அதாவது உலோகத்தின் மேல்தோலோடு வினைபுரிந்து உருவாகும் மெல்லிய அடிப்படலம், மேலே பவுடர். அடிப்படலம் எல்லாக் கலவையிலும் ஏறும். மேலே வருவது வெளியிலிருந்து வரும் நிறம், உள்ளே சிலிக்கான் இருந்தால் என்ன, செம்பு இருந்தால் என்ன.

ஆறிணைக் குரோமியத்தால் வரும் மஞ்சள் குரோமேட்டை இன்னும் சில கடைகள் போடுகின்றன. தங்க நிறம் கண்ணுக்குத் தெரியும், கீறினால் தானே கொஞ்சம் ஆறிக்கொள்ளும், வேலை தெரிந்த ஆட்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஆறிணைக் குரோமியம் புற்றுநோய் தருவது. ஏற்றுமதிக்கு ஐரோப்பாவின் ரோஸ் விதி (மின்பொருட்களில் நச்சுப்பொருளுக்கு வரம்பு) 0.1 சதவீதத்தில் தடுக்கும். நம் மின்கழிவு விதியிலும் அதே வரம்பு. கழிவு நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் மஞ்சளாகிப் போன பிறகும் இதற்கு வாதம் பேச நமக்கு வாய் வரக் கூடாது. தொழில்நுட்ப ரீதியிலும் பவுடருக்கு அடியில் அதன் பெருமை செல்லாது: 60 டிகிரிக்கு மேல் சூடேறினாலே படலத்தின் நீர் போய், ஆறிக்கொள்ளும் குணம் குறைந்துவிடும். ஓவனோ 200 டிகிரி.

மூவிணைப் படலம் ஏறக்குறைய நிறமற்றது. சாய்த்துப் பார்த்தால் எண்ணெய் படிந்த நீர் போல ஒரு நீலச் சாயல், அவ்வளவுதான். ஏறியதா இல்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம் என்பதால், முன்வேலையைப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

முன்வேலை விளிம்பில் தொடங்கும். கூர் விளிம்பில் பவுடர் உருகும்போது பின்வாங்கும், அரை மி.மீ. ஆரமாவது உருட்ட வேண்டும். லேசரில் வெட்டிய ஷீட் என்றால் வெட்டு முகத்திலுள்ள ஆக்சைடையும் தேய்த்து எடுக்க வேண்டும். அடுத்து 50 முதல் 60 டிகிரியில் ஆல்கலைன் கிளீனர், 5 முதல் 10 நிமிஷம். டை காஸ்டிங்கில் ஒட்டியிருக்கும் அச்சு விடுப்பான் சிலிக்கோனாக இருந்தால் இங்கேயே போயாக வேண்டும். கழுவித் தூக்கியதும் நீர் முழுப் பரப்பிலும் ஒரே தாளாக அரை நிமிஷம் நிற்கிறதா என்று பாருங்கள். எங்காவது பிளந்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது.

பிறகு எட்ச். வெளிநாட்டுக் கட்டடத் தரமான குவாலிகோட்டில் கடலோர வேலைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிராம் உலோகம் கரைய வேண்டும் என்கிறார்கள், கடலோரம் அல்லாத வேலைக்கு 1 கிராம். 2 கிராம் என்றால் ஆழத்தில் முக்கால் மைக்ரான்தான். ஆனால் உருட்டும்போதும் எக்ஸ்ட்ரூட் செய்யும்போதும் தோலில் அமுங்கிய ஆக்சைடும் அழுக்கும் இந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. சரிபார்ப்பதும் சுலபம். 100க்கு 100 மி.மீ. ஷீட் துண்டு ஒன்றை மில்லிகிராம் தராசில் நிறுத்து, லாட்டோடு சேர்த்து எட்ச், டீஸ்மட் வரை ஓட்டி, காய வைத்துத் திரும்ப நிறுங்கள். இரு பக்கமும் சேர்ந்து 0.02 சதுர மீட்டர். 40 மில்லிகிராம் குறைந்திருந்தால் கணக்குச் சரி. பட்டறையில் இதைச் செய்யச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். ஒரு தடவை 8 மில்லிகிராம் என்று வந்ததைக் காட்டினால் சிரிப்பு நிற்கும். ஷீட்டுக்கும் எக்ஸ்ட்ரூஷனுக்கும் லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக்கில் 50 டிகிரி, ஒரு நிமிஷத்தை ஒட்டி. வார்ப்பு காஸ்டிக் பக்கமே போகக் கூடாது. கிளீனரிலிருந்து நேராக ஃபுளோரைடு டீஸ்மட்.

கடைசிக் கழுவல் டி.எம். நீரில். பாகத்திலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துக் கண்டக்டிவிட்டி பார்க்க வேண்டும், சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோசீமென்ஸுக்குள். தொட்டி நீரை மட்டும் அளந்தால் பாகத்தின் குழிகளில் தங்கிய உப்பு தெரியாது. அந்த உப்புதான் பின்னால் புழுவாக வரும்.

புழு என்றது சும்மா இல்லை. நல்ல பவுடர் கோட்டின் அடியில், வெட்டு விளிம்பிலிருந்தோ ஸ்க்ரூ துளையிலிருந்தோ, மண்புழு ஊர்ந்தது போல மெல்லிய கோடுகள் நீளும். ஃபிலிஃபார்ம் அரிப்பு. அதற்கு வேண்டியவை கொஞ்சம் குளோரைடும், ஈரமான காற்றும். சென்னையில் இரண்டும் இலவசம். பவுடர் எவ்வளவு தடியாக இருந்தாலும் அது தடுக்காது. எட்சும் கழுவலும் கன்வர்ஷன் கோட்டும்தான் தடுக்கும்.

கன்வர்ஷன் தொட்டியில் பெரும்பாலான மூவிணைக் கரைசல்களுக்கு பி.எச். 4க்குச் சற்றுக் கீழே, சில நிமிஷம். சரியான எண் அந்தந்தத் தயாரிப்பின் தாளில் இருக்கும். உலர்ந்த பாகத்தை வெறுங்கையால் தொடாமல் அதே ஷிப்டில் பவுடருக்கு அனுப்புங்கள். வியர்வையும் உப்புதான்.

வார்ப்புக்கு இன்னொரு படி உண்டு. அதன் துளைகளில் காற்றும் கழுவிய நீரும் சிக்கியிருக்கும். பவுடர் உருகும் நேரம் பார்த்து அவை வெளியே வர, மேலே எரிமலை வாய் போலக் குமிழ் விழும். எனவே பவுடர் அடிக்கும் முன், கியூர் (பவுடர் உருகி இறுகும்) வெப்பத்தை விட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக ஓவனில் சூடேற்றி, துளைகளைக் காலி செய்ய வேண்டும். இதைக் கன்வர்ஷன் கோட்டுக்கு முன்னால் செய்தால் கழுவும் நீர் திரும்ப உள்ளே போகும். பின்னால் செய்ய வேண்டும், அதற்கு அந்த வெப்பத்தைத் தாங்கும் அடிப்படலம் வேண்டும். மஞ்சள் குரோமேட் இங்கேயும் தோற்கிறது. குமிழைத் தாங்கும் பவுடர் என்று தனியாகவே விற்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் அதை நம்பி முன்சூட்டை விட்டுவிட வேண்டாம்.

பவுடர் வெளிவேலைக்குச் சுத்த பாலியெஸ்டர், 60 முதல் 80 மைக்ரான். எபாக்சி கலந்தது மலிவு, ஒரு வெயில் காலத்தில் வெளுத்துவிடும். மணல் போன்ற சன்ன டெக்ஸ்சர் உள்ள மேட் கறுப்பைத் தேர்ந்தெடுத்தால் வார்ப்பின் தடமும் ஷீட்டின் கீறலும் ஒரே முகமாகிவிடும். கிளாஸ் கறுப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். பின் தவிர்த்த நான்கு பாகத்துக்கும் ஒரே பேட்ச் பவுடர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பவுடர் கட்டி தட்டும், கம்ப்ரஸர் லைனில் நீர் வரும். ட்ரையர் வேலை செய்யாத கடையில் அந்த மாதங்களில் மீன்கண் போலக் குழி விழுவது சகஜம்.

கியூர் என்பது ஓவன் டயலில் தெரியும் எண் இல்லை, பாகத்தின் வெப்பம். 200 டிகிரியில் 10 நிமிஷம் என்று டப்பாவில் போட்டிருந்தால், பாகம் 200ஐத் தொட்ட பிறகு 10 நிமிஷம். 2 மி.மீ. பிராக்கெட் சீக்கிரம் சூடேறும், தடித்த பாடி மெல்ல ஏறும். இரண்டையும் ஒரே டிராலியில் தொங்கவிட்டால் ஒன்று வெந்து முடிந்து காய்ந்துபோகும், மற்றது பச்சையாக இருக்கும், பளபளப்பும் வேறுபடும். தனித்தனி லோடு போடச் சொல்லுங்கள், தடித்த பாகத்தில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கட்டச் சொல்லுங்கள்.

துளை, எர்த், சூடு

எம்5 உள்மரையின் பிட்ச் விட்டத்தில் (மரையின் நடு விட்டம்) உள்ள இடம் மொத்தமே 0.125 மி.மீ. மரையின் சரிவில் ஏறும் படலம் விட்டத்தில் நான்கு மடங்காகத் தெரியும். 15 மைக்ரான் அனோடைஸ் 5 மைக்ரான்தான் வெளியே ஏறுகிறது, நான்கு மடங்கு 20 மைக்ரான், ஸ்க்ரூ போகும். 70 மைக்ரான் பவுடர் என்றால் 0.28 மி.மீ.; மரை அடைந்தே போகும். பின்னால் டேப் ஓட்டிச் சரிசெய்தால் அடிப்படலமும் போய், வெறும் அலுமினியம் எஸ்.எஸ். ஸ்க்ரூவைத் தொடும். எல்லா மரைக்கும் சிலிக்கோன் பிளக். ஓ-ரிங் அமரும் பள்ளத்துக்கும் எர்த் தட்டுக்கும் பச்சைப் பாலியெஸ்டர் டேப், ஓவனிலிருந்து வந்து கை பொறுக்கும் சூட்டில் உரிக்க வேண்டும். முழுக்க ஆறினால் விளிம்பு பிய்ந்து வரும். இப்படி மறைத்த (மாஸ்க் செய்த) இடத்தில் கன்வர்ஷன் கோட் மட்டும் மிஞ்சும், அது மின்சாரத்தைக் கடத்தும். அனோடைஸ் கடத்தாது என்பதைப் பலர் எர்த் டெஸ்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள். டிராயிங்கில் கன்வர்ஷன் கோட்டுக்கான அமெரிக்க ராணுவத் தரமான மில்-டி.டி.எல்.-5541, டைப் 2, கிளாஸ் 3 என்று எழுதினால் குறைந்த மின்தடையைக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். கிளாஸ் 1ஏ அரிப்புத் தாங்குவதற்கு.

பவுடர் போட்டால் ஃபின் சூட்டை வெளியேற்றாது என்று ஒரு பயம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மைக்ரான் பவுடரின் வெப்பத் தடை, சதுர மீட்டருக்கு ஒரு வாட் பாய்ந்தால் 0.0004 டிகிரி. ஃபினிலிருந்து காற்றுக்குப் போகும் தடை ஏறத்தாழ 0.1. அரை சதவீதம்கூட இல்லை. பளபளக்கும் வெற்று அலுமினியத்தை விடக் கறுப்பு பவுடர் கதிர்வீச்சில் பல மடங்கு சூட்டை விடும் என்பதால் லாபமே. ஆனால் சிப் அழுந்தி உட்காரும் உள்முகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட் பாய்கிறது என்றால் அதே 80 மைக்ரான் 4 டிகிரியை விழுங்கும். அந்த முகத்தைக் கட்டாயம் மாஸ்க் செய்ய வேண்டும்.

வாங்கும்போது

கனம் அளக்கும் எடி கரண்ட் மீட்டரைக் கலப்பு செட்டில் ஒரே பூஜ்ஜியத்தோடு ஓட்டக் கூடாது. 6063இன் மின்கடத்தல் செம்பில் 50 சதவீதத்துக்கு மேல், ஏ.டி.சி.12இல் 25 சதவீதத்துக்கும் கீழ். பல மீட்டர்கள் இந்த வித்தியாசத்தைப் பூச்சின் கனமாகப் படித்துவிடும். ஒவ்வொரு கலவையிலும் பூசாத ஒரு துண்டை வைத்து பூஜ்ஜியம் செய்த பிறகு அளக்கவும். குறுக்குவெட்டு டேப் சோதனையை (பூச்சைக் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிய்ப்பது) வார்ப்பில் செய்யுங்கள். ஷீட்டில் செய்து ‘பாஸ்’ என்று காட்டுவது எளிது, கரி இருக்கும் இடம் வார்ப்பு. உப்பு நீரைத் தெளிக்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனையில் 5 சதவீத உப்பும் 35 டிகிரியும் எத்தனை மணி நேரம் ஓடினாலும் புழு அரிப்பைச் சரியாகக் காட்டாது. கடலோர வேலைக்குப் புழு அரிப்புக்கென்றே உள்ள சோதனையான ஐ.எஸ்.ஓ. 4623-2, கீறிய பலகையோடு, கேட்க வேண்டும். அது 1000 மணி நேரம் எடுக்கும், ஆகவே ஆர்டருக்கு முன்பே தொடங்க வேண்டும்.

டிராயிங்கின் மூலை வரியை இப்படி எழுதலாம்: ‘பாகங்கள் கலவை வாரியாகப் பிரித்து முன்வேலை. எட்ச் 2 கிராம்/ச.மீ., வார்ப்புக்கு ஃபுளோரைடு டீஸ்மட், காஸ்டிக் கூடாது. ஆறிணைக் குரோமியம் இல்லாத கன்வர்ஷன் கோட். வார்ப்புக்கு முன்சூடு. பாலியெஸ்டர் மேட் டெக்ஸ்சர் கறுப்பு, 60–80 மைக்ரான், செட் முழுதும் ஒரே பேட்ச். மாஸ்க் இடங்கள் வண்ணமிட்டபடி. பின் தனி: ஹார்டு அனோடைஸ், 30 மைக்ரான்.’ இடம் போதாது என்பார்கள். அடுத்த ஷீட்டில் போடலாம்.

மாட்டும்போது எஸ்.எஸ். ஸ்க்ரூவின் தலைக்கடியில் நைலான் வாஷர் வையுங்கள், மரையில் பேஸ்ட் தடவுங்கள். சுழலும் தலை பவுடரைச் சுரண்டிய வட்டத்திலிருந்துதான் முதல் புழு கிளம்பும். கம்பத்தில் ஏறிய பிறகு பெட்டியின் மேல்பக்கத்தைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அதை மழை கழுவிவிடும். பிராக்கெட்டின் அடிப்பக்கம் மழை படாமல் உப்பை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடம். பராமரிப்புக்கு ஏறுகிறவர் ஒரு வாளி நல்ல தண்ணீரும் துணியும் கொண்டுபோய் அங்கே துடைக்கட்டும், விளிம்பையும் துளையையும் முதலில்.